கருப்பு மெஹந்தி போட்ட இடத்தில் கொப்புளங்கள்: என்ன செய்வது?

கேள்வி: கோவையிலிருந்து ஒரு தாய்

உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில் மெஹந்தி போட வந்த பெண், 9 வயதாகும் என் மகளின் முன்கையில் கருப்பு நிறத்தில் ஒரு மயில் வரைந்துவிட்டார். அரை மணி நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடித்ததைப் பார்த்து எல்லோரும் பாராட்டினோம். 8 நாள் கழித்து அந்த மயில், தோகையின் ஒவ்வொரு கண்ணும் தெரியும்படி, அப்படியே தடித்து எழும்பியிருக்கிறது. மயிலின் கழுத்துப் பகுதியில் நீர்க்கொப்புளங்கள் வேறு. குழந்தை இரவெல்லாம் சொறிகிறாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார் என் மாமியார். இயற்கைச் சாயம் என்றுதானே சொன்னார்கள், அதற்கும் ஒவ்வாமை வருமா?

பதில்: தோல் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் ஆரஞ்சில் தொடங்கி ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிருமே தவிர, அரை மணி நேரத்தில் கருக்காது. அப்படிக் கருத்தால், தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா-ஃபெனிலின்டைஅமீன், அதாவது பிபிடி, கலந்திருப்பதாகவே கொள்ளுங்கள். முடிக்குப் பூசும் சாயத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்காத பொருள் அது. உடல் அதைப் பகையென்று முதன்முறை பழகிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் இந்தத் தாமதம்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். மாமியாரின் அக்கறை புரிகிறது, ஆனால் புண்ணான தோலில் எந்த அரைப்பும் எரிச்சலைக் கூட்டவே செய்யும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி, குழந்தையின் நகங்களை ஒட்ட வெட்டி, நாளைக்கே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல. சீழோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசர சிகிச்சைக்கே செல்லுங்கள்.

பதில்: இதே அனுபவம் உள்ளவர்

எனக்குக் கல்லூரி நாளில் வந்தது. ஆறிய இடம் சில மாதங்கள் வெளிறிக் கிடந்தது, பிறகு மறந்தே போனேன். நரைக்காகக் கருப்பு மருதாணிப் பொடி வாங்கிப் பூசிய மறுநாள், இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. உறையின் முன்புறம் மருதாணி இலைப் படம்; பின்புறம் பொடியெழுத்தில் பிபிடி. முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில்தான் உறுதியானது. ஒருமுறை வந்த இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீங்காது என்றார் மருத்துவர். பென்சோகெய்ன் என்னும் மரப்பு மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், பல் மருத்துவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மருத்துவரிடம் காட்டினோம்; நீங்கள் இருவரும் சொன்னதையேதான் அவரும் சொன்னார். களிம்பு பூசிய மூன்றாம் நாள் அரிப்பு அடங்கியது. மகளின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பிபிடி என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.