லத்தீனா மாணவியருக்கென்று தனி உதவித்தொகை இருக்கலாமா?

ஆற்றுமணல்:
1985இல் எல் பாசோ நகரில் ஓர் உணவகக் கிளை உரிமையாளரின் முயற்சியால் தொடங்கி, பிறகு அமெரிக்கா முழுவதும் பரவிய மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் 'ஆசேர்' உதவித்தொகைக்கு, பெற்றோரில் ஒருவராவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2025 ஜனவரியில் இன அடிப்படையிலான சலுகைகளை எதிர்க்கும் அமெரிக்கன் அலையன்ஸ் ஃபார் ஈக்குவல் ரைட்ஸ் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்த சில நாள்களிலேயே நிறுவனம் அந்த விதியைக் கைவிட்டது. லத்தீனா மாணவியருக்கென்றே, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்களுக்கென்றே, நடக்கும் சிறு அறக்கட்டளைகளும் இனி இதே வழியில் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. கூடாது என்பது என் கருத்து. கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு நடத்துகிறேன். தாயுடன் மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனதால் தேர்வைத் தவறவிட்டேன் என்று சொல்லும் மாணவி ஒவ்வொரு பருவத்திலும் ஒருத்தியாவது என் வகுப்பில் இருக்கிறாள்.

நேர்கோடு:
அந்த மாணவியின் துன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அளக்க அவளுடைய பூர்விகம் சரியான அளவுகோலா என்றுதான் கேட்கிறேன். மயாமியில் மருத்துவராக இருக்கும் கியூபா வழிவந்தவரின் மகளும், மெக்காலனில் வெங்காயம் அறுக்கும் குவாத்தமாலாத் தொழிலாளியின் மகளும் விண்ணப்பத்தில் ஒரே கட்டத்தில்தான் குறியிடுவார்கள். வளைகுடாக் கரையில் இறால் பிடிக்கும் வியட்நாமியர் வீட்டுப் பெண்ணும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறாள். அவளுக்கு மட்டும் ஏன் கதவு மூடியிருக்க வேண்டும்? வருமானத்தைப் பாருங்கள், பெற்றோர் கல்லூரிக்குப் போனார்களா என்று பாருங்கள்.

சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்கிறது. நம்மூர் இட ஒதுக்கீட்டை மனத்தில் வைத்து இதைப் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இனவாரி எண்ணிக்கை ஒதுக்கீடு 1978ஆம் ஆண்டு பாக்கி வழக்கிலேயே செல்லாது என்றாகிவிட்டது. இனத்தை ஒரு காரணியாகப் பார்ப்பதையும் 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா வழக்குகளில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

ஆற்றுமணல்:
வருமானம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்கிறீர்கள். மெண்டெஸ் குடும்பத்தின் கதை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் மெக்சிகோ வழிவந்த கொன்சாலோ மெண்டெஸ் பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். இரண்டாம் உலகப் போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கக் குடும்பமொன்றின் நிலம் அது. வழக்கறிஞரை அமர்த்தி வழக்கு நடத்தும் வசதி அவருக்கு இருந்தது. இருந்தும் அத்தை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனபோது, வெளுத்த நிறமும் வேறு குடும்பப் பெயரும் கொண்ட அத்தையின் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கொன்சாலோவின் மகள் சில்வியா மெண்டெஸுக்கும் அவளுடைய தம்பிகளுக்கும் கிடைக்கவில்லை. வருமானச் சான்றிதழ் அந்தச் சிறுமிக்கு என்ன செய்திருக்கும்? 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கம் நின்றது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்ன பிரவுன் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே கலிஃபோர்னியா பள்ளிப் பிரிவினைச் சட்டத்தை நீக்கிக்கொண்டது.

நேர்கோடு:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. மெண்டெஸ் குடும்பம் தனிப் பள்ளி கேட்கவில்லை. குடும்பப் பெயரையும் தோல் நிறத்தையும் பார்க்காதீர்கள் என்று கேட்டது. பிறகு 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மற்றவர்களைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ள வழிசெய்த சட்டம் அது. 2024 ஜூனில் அட்லாண்டாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே காட்டி, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் வழங்கிய ஃபியர்லெஸ் ஃபண்டின் போட்டியைத் தடுத்து நிறுத்தியது. தனியார் பணம், எங்கள் விருப்பம் என்ற வாதம் இனி எளிதில் நிற்காது.

ஆற்றுமணல்:
விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்க வந்த சட்டம் கறுப்பினப் பெண்களின் உதவியை நிறுத்தப் பயன்பட்டதைச் சொல்லும்போது உங்களுக்கே சற்று உறுத்தவில்லையா?

நேர்கோடு:
உறுத்துகிறது. ஆனால் என் உறுத்தலைப் பார்த்து நீதிபதிகள் தீர்ப்பு எழுதுவதில்லை.

கடற்காகம்:
ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். இருவரும் நீதிமன்றத்திலேயே நிற்கிறீர்கள். நான் தெருவிலிருந்து ஒன்று கேட்கிறேன். எங்கள் தெருவில் மெக்சிகோ, எல் சால்வடார் குடும்பங்கள் அதிகம். அங்கே பள்ளி முடித்ததும் கட்டட வேலைக்குப் போகிறவன் மகன். கல்லூரிக்குப் போகிறவள் மகள். நாட்டளவிலும் லத்தீன் இளைஞர்களைவிட இளம்பெண்களே கல்லூரியில் அதிகம் சேர்கிறார்கள். அப்படியிருக்கும்போது பெண்களுக்கு மட்டும் என்று எந்த நியாயத்தில் சொல்கிறோம்? இன்னொன்று: 2001இல் முதன்முதலாக குடியேற்ற ஆவணமற்ற மாணவர்களுக்கும் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் தந்த டெக்சஸ், 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றே அதை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு மாற்றத்தில் கட்டணம் பல மடங்கு ஏறிய பிள்ளைகளில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

ஆற்றுமணல்:
சேர்க்கை எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னீர்கள், அம்மா. ஆனால் சேர்வது ஒரு படி, முடிப்பது வேறு படி. என் வகுப்பில் மகன் படிப்பை விட்டு நின்றால் சம்பளத்துக்காக நிற்கிறான். மகள் நின்றால் தம்பி தங்கையர், பாட்டி, சமையல், மொழிபெயர்ப்பு என்று சம்பளமில்லாத வேலைக்காக நிற்கிறாள். அதை எந்த விண்ணப்பமும் கேட்பதில்லை. இருநூறு மைல் தள்ளிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் வீட்டுக்கு அருகிலேயே இருந்துவிடும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். ஆண்களுக்கு உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடை வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்கிறேன்.

பழைய கணக்கர்:
நான் நிதி உதவி அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாருக்குக் கொடுக்கலாம் என்று வாதிடும் உங்களில் ஒருவரும், கொடுத்த பணம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவில்லை. ஒரு மாணவிக்குக் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து 6,000 டாலர் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறக்கட்டளை 1,500 டாலர் தருகிறது. தேவைக்கு மேல் உதவி போய்விட்டது என்று சொல்லிக் கல்லூரி தன் பங்கை 4,500 ஆகக் குறைத்துவிடலாம். அறக்கட்டளை விருந்து வைத்துக் காசோலை கொடுத்தது மாணவிக்கு. மிச்சம் பிடித்தது கல்லூரி. இதைத் தடுக்க முதலில் சட்டம் போட்டது மேரிலாந்து, 2017இல். கலிஃபோர்னியா 2022இல் சட்டம் இயற்றியது. பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் கல்லூரியின் கருணைதான்.

வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்தின் ஆண்டு உச்ச வரம்பு 7,395 டாலர். அதைப் பெறும் படிவம் 2024இல் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்: சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள், தாங்கள் குடிமக்களாக இருந்தும், இணையப் படிவத்தை நிறைவுசெய்ய முடியாமல் மாதக்கணக்கில் நின்றார்கள். வருமானத்தைப் பாருங்கள் என்கிறார் நேர்கோடு. வருமானத்தைக் காட்டும் படிவமே அவர்களை உள்ளே விடவில்லையே!

நேர்கோடு:
இந்தப் படிவச் சிக்கல் நான் எண்ணிப் பார்க்காதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு படிவத்தைத் திருத்துவது. இன்னொரு ஐயமும் உண்டு. இந்த அமைப்புகள் பணத்தோடு 'தலைமைப் பயிற்சி' என்று ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கின்றன. விடுதி அரங்கில் இரண்டு நாள் சொற்பொழிவு, ஒரு குழுப் படம். சோனியா சோட்டோமேயர் பிராங்ஸிலிருந்து பிரின்ஸ்டனுக்கு முழு உதவித்தொகையில் போனார், எந்தப் பயிற்சி முகாமும் இல்லாமல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகும்வரை போனார்.

ஆற்றுமணல்:
முகாமில்லாமல் போனார், துணையில்லாமல் போகவில்லை. முதலாண்டில் தன் ஆங்கில எழுத்து தடுமாறுவதை உணர்ந்து, விடுமுறையில் இலக்கணப் புத்தகங்களோடு உட்கார்ந்து அதைச் சீர்செய்துகொண்டவர் அவர். 'அக்சியோன் புவெர்த்தோரிக்கேன்யா' என்ற மாணவர் அமைப்பின் வழியாக, பிரின்ஸ்டனின் பணிநியமனத்தில் பாகுபாடு இருப்பதாக 1974இல் மத்திய அரசிடம் முறையிட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. நான் தலைமைப் பயிற்சி என்று சொல்வது அதைத்தான்: மனு எழுதுவது, கூட்டம் நடத்துவது, மறுப்பு வந்தால் மீண்டும் எழுதுவது. டெக்சஸில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, அரசுக் கல்லூரிகளில் பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடைசெய்த சட்டத்தால் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் தன் பன்முகப் பண்பாட்டு மையத்தை மூடியபோது, இத்தகைய மாணவர் குழுக்கள் கூடும் இடமும் போயிற்று.

கலிஃபோர்னியாவின் புவென்டே என்ற மாணவர் உதவித் திட்டத்தையும் பாருங்கள். ஸ்பானிய மொழியில் பாலம் என்று பொருள். 1981இல் ஹேவர்டின் ஷபோ கல்லூரியில் ஓர் ஆலோசகரும் ஓர் ஆங்கில ஆசிரியையும், லத்தீன் மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று அவர்களுடைய மதிப்பெண் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துத் தொடங்கியது. ஆலோசகரை அணுகாமை, கட்டுரை வகுப்பைத் தவிர்ப்பது, குடும்பத்தில் முதல் ஆளாக வருவது என்ற மூன்றும் திரும்பத் திரும்பத் தெரிந்தன. அதனால் எழுத்து வகுப்பு, ஆலோசகர், வழிகாட்டி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள்.

நேர்கோடு:
புவென்டே இன்று எல்லா இனத்தாருக்கும் திறந்திருக்கிறது. நான் முதலிலிருந்து கேட்பது அதைத்தான்.

ஆற்றுமணல்:
திறந்திருக்கிறது, நல்லதே. ஆனால் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பெயர் சொல்லிப் பார்த்ததால்தான் அந்தத் திட்டம் பிறந்தது. கதவைத் திறந்துவைக்க நான் இணங்குவேன். பெயரை அழிக்க இணங்கமாட்டேன்.

கடற்காகம்:
கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஓர் அறக்கட்டளை 2,000 டாலர் அறிவித்திருக்கிறது. கல்லூரி தன் மானியத்தைக் குறைப்பதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இது டெக்சஸ், நீங்கள் சொன்ன சட்டம் இங்கே கைகொடுக்காது என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?

பழைய கணக்கர்:
கட்டணச் சீட்டு வருவதற்குள் அவள் இரண்டு கடிதங்கள் எழுதட்டும். முதலாவது நிதி உதவி அலுவலகத்துக்கு: மானியத்தைத் தொடாமல், கடனையும் வளாக வேலை ஒதுக்கீட்டையும் முதலில் குறைக்கும்படி கேட்க வேண்டும்; பல அலுவலகங்கள் கேட்டால் செய்யும், கேட்காவிட்டால் செய்யாது. இரண்டாவது அறக்கட்டளைக்கு: தொகையை இரண்டு கல்வியாண்டுகளுக்குப் பிரித்துத் தர முடியுமா என்று. கல்லூரி அனுப்பிய கடிதத்தின் நகலை இரண்டிலும் இணைக்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில்தான் பெற வேண்டும், தொலைபேசியில் வேண்டாம்.