பி பிளாக் குழு: ஹால் ஃபேன் கண்டென்சர்

செல்வி (2வது மாடி): முருகேசண்ணே, ஹால் ஃபேன் 5ல வச்சாலும் மெதுவாத்தான் ஓடுது. இன்னைக்குக் குச்சியால தள்ளிவிட்டாத்தான் கிளம்புது.

முருகேசன் எலக்ட்ரீஷியன்: மெயினை ஆஃப் பண்ணிட்டு இறக்கையைக் கையால சுத்திப் பாரும்மா. தடையில்லாம ஓடினா பேரிங் நல்லாருக்கு, மோட்டாரைக் கிளப்ப உதவுற, சார்ஜைச் சேமிக்கிற கண்டென்சர்தான் போயிருக்கு. 5ல நல்லா ஓடி 2, 3ல மட்டும் இழுத்தா ரெகுலேட்டரைப் பார்க்கணும்.

செல்வி: லேசா சுத்துதுண்ணே. தினேஷ் மீட்டர் வச்சிருக்கான்.

முருகேசன் எலக்ட்ரீஷியன்: தம்பி, மெயின் ஆஃப்லயே இருக்கட்டும். மேல் கப்பை இறக்கி, கண்டென்சரோட ரெண்டு வயருக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சில வினாடி வை, உள்ள தேங்கின சார்ஜ் இறங்கிரும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதே. அப்புறம் ஒரு வயரைக் கழட்டிட்டு அள.

தினேஷ்: 1.6 காட்டுதுண்ணே. மேல 2.5 மைக்ரோஃபாரட் ±5%னு போட்டிருக்கு.

முருகேசன் எலக்ட்ரீஷியன்: 2.38க்குக் கீழ வந்தாலே கணக்குல சேராது. மாத்திடு.

கார்த்திக் (சி 4): ஷார்ட் பண்ண வேண்டாம்னு அண்ணன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. கண்டென்சருக்குள்ள இருக்கிற ஃபிலிம் சுருளோட ரெண்டு ஓரத்துலயும் உலோகத்தை உருக்கித் தெளிச்சுத்தான் வயரைப் பிடிச்சிருப்பாங்க. திடீர்னு பாயுற கரன்ட்ல அந்தப் பிடிப்பு விட்டுரும்.

தினேஷ்: வெடிக்கவும் இல்ல, உப்பவும் இல்ல. எப்படிண்ணா 1.6க்கு இறங்குச்சு?

கார்த்திக் (சி 4): உள்ள இருக்கிறது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம், சில மைக்ரான் கனம்தான். அதுமேல துத்தநாகமும் அலுமினியமும் சில பத்து நானோமீட்டருக்குப் படிஞ்சிருக்கும். பலவீனமான இடத்துல ஃபிலிம் துளைபட்டா, அந்தப் பொறியோட சூட்டுல சுத்தியிருக்கிற உலோகம் ஆவியாகிரும். ஓட்டை தனியா ஒதுங்கிடும், மத்த இடம் வழக்கம்போல வேலை செய்யும். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு போயிரும். ஈரம் புகுந்தா துத்தநாகமும் ஆக்ஸைடாகி ஓரத்துலேர்ந்து அரிக்கும். பழசை வெட்டி ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார், வெள்ளிப் பளபளப்புக்கு நடுவுல ஊசிமுனை அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற புள்ளிகள் தெரியும்.

தினேஷ்: பாலியெஸ்டர்ல மின்காப்பு மாறிலி, அதாவது சார்ஜைச் சேமிக்க உதவுற அளவு, 3.3, இதுல 2.2தானே? அதைப் போட்டா சின்னதா முடிஞ்சிருமே?

கார்த்திக் (சி 4): சின்னதாகும், சூடாகும். பாலியெஸ்டர்ல இருக்கிற எஸ்டர்ங்கிற அணுத் தொகுதிகள் முனைவுள்ளவை, ஒரு பக்கம் கொஞ்சம் ப்ளஸ், மறுபக்கம் கொஞ்சம் மைனஸ். 50 ஹெர்ட்ஸ்ல மின்புலம் திரும்புறப்பல்லாம் அதுவும் அசையும், அந்த உரசல்தான் வெப்பம். பாலிப்ரொப்பிலீன்ல இப்படி வெப்பமாப் போற இழப்பு பத்துல ஒரு பங்குகூட வராது. நாள் முழுக்க ஓடுற ஃபேனுக்கு அதுதான் சரி. பிவிடிஎஃப்ங்கிற இன்னொரு பிளாஸ்டிக்ல மாறிலி 10க்கு மேல, ஆனா இழப்பு இன்னும் அதிகம். அது அழுத்தினா மின்னழுத்தம் தரும், 1969ல ஜப்பான்ல கவாய் கண்டுபிடிச்சார். அதோட இடம் சென்சார்.

செல்வி: கடையில என்னன்னு கேக்கணும்?

முருகேசன் எலக்ட்ரீஷியன்: 2.5, 440 வோல்ட் ஏசி. டிசின்னு போட்டதை வாங்காதே.

தினேஷ்: வர்றது 230தானே, எதுக்கு 440?

கார்த்திக் (சி 4): மோட்டாரோட துணை வைண்டிங்கும் (ரெண்டாவது கம்பிச்சுருள்) கண்டென்சரும் தொடர்ல இருக்கு. கண்டென்சர் மேல மட்டும் 300க்குக் கிட்ட ஏறும்.

செல்வி: 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டா வேகமா ஓடும்னு பக்கத்துல சொல்றாங்களே?

முருகேசன் எலக்ட்ரீஷியன்: வேண்டாம்மா. துணை வைண்டிங்ல கரன்ட் ஏறிச் சூடாகும், வார்னிஷ் கருகினா காயிலே போயிரும். 2.5ஐயே போடுங்க. ரெண்டு வயரையும் எப்படி மாத்திக் கொடுத்தாலும் சரி, இதுக்கு ப்ளஸ் மைனஸ் கிடையாது. டேப்பை மட்டும் இறுக்கிச் சுத்துங்க.

செல்வி: சரிண்ணே, தினேஷ் கடைக்குக் கிளம்பிட்டான்.