பெரியப்பாவின் காது மிஷின்

(குழு: குலதெய்வம் துணை 🙏)

வசந்தா பெரியம்மா: உங்க பெரியப்பா காது மிஷினைக் கழட்டி பீரோல வச்சுட்டார். விசில் அடிக்குதாம். 28,000 ரூபா தண்டம்.

முருகன் சித்தப்பா: அப்பவே சொன்னேன் அண்ணி
📷 படம்

கார்த்தி: சித்தப்பா, என்ன படம்? எனக்குக் கண்ணு தெரியாதே, ஃபோனை வாசிச்சுக் காட்டுற டாக்பேக் "படம்"னு மட்டும்தான் வாசிக்குது.

முருகன் சித்தப்பா: காது மிஷின் விளம்பரம்பா. ஜோடி 900 ரூபா.

கார்த்தி: அது வெறும் சத்தம் கூட்டுற பெட்டி. தட்டு விழுற சத்தம், ஹாரன், பெரியம்மா பேச்சு எல்லாத்தையும் ஒண்ணாத் தூக்கும். பெரியப்பாவுது ஆடியோகிராம், அதான் காது எவ்வளவு கேக்குதுன்னு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட், அதைப் பாத்து செட் பண்ணுனது. ச, ஸ மாதிரி மெல்லிசா வர்ற சத்தம்தான் அவருக்கு விழாது. அதை ஏத்திக் குடுக்கும்.

கார்த்தி: விசில் எப்ப வருது பெரியம்மா?

வசந்தா பெரியம்மா: நான் மாட்டிவிட்டா.

கார்த்தி: காதுக்குள்ள சரியா உக்காரலை. இடுக்கு வழியா சத்தம் வெளிய வந்து திரும்ப மைக்குல போகுது. கல்யாண வீட்டு மைக்செட் கூவுமே, அதேதான். காதை லேசா மேல, பின்னால இழுத்துப் பிடிச்சு மாட்டுங்க. அப்பவும் அடிச்சா ஈ.என்.டி. கிட்ட காட்டுங்க, அழுக்கு அடைச்சிருக்கும். பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம்.

வசந்தா பெரியம்மா: பேட்டரியும் சரியில்ல. அவசரத்துக்கு ஆகும்னு எல்லாத்துலயும் ஸ்டிக்கரை உரிச்சு வச்சேன். அத்தனையும் செத்துப்போச்சு.

பாலா துபாய்: 😂😂😂

கார்த்தி: ஐயோ பெரியம்மா! அது காத்துல ஓடுற பேட்டரி. உரிச்சதும் ஓட்டை வழியா காத்து போய் வேலையை ஆரம்பிச்சிரும், திருப்பி ஒட்டினாலும் நிக்காது. போடுறப்போ ஒண்ணு மட்டும் உரிங்க. ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து வைங்க.

செல்வி: ஆரஞ்சு ஸ்டிக்கர்னா 13-ம் நம்பர் சைஸ், பிரவுன்னா 312. மாத்தி வாங்கிராதீங்க.

முருகன் சித்தப்பா: கவர்மெண்ட்ல இலவசமாத் தர்றாங்களாமே?

கார்த்தி: ஏடிப்னு மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தர்ற மத்திய அரசு திட்டம் இருக்கு. நான் பிடிச்சு நடக்குற ஸ்மார்ட்கேன் கோல் அதுலதான் வந்துச்சு, டெல்லி ஐ.ஐ.டி. கண்டுபிடிப்பு. சாதா வெள்ளைக்கோல் தரையைத்தான் சொல்லும். லாரிக்குப் பின்னால நீட்டிட்டிருக்கிற கம்பி மூஞ்சில இடிச்சப்புறம்தான் தெரியும். இதுல முன்னாடியே பிடி அதிரும்.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

செல்வி: 🙊

பெரியப்பா: விசில் பெரிய விஷயமில்லை. சாப்பிடும்போது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், கூடவே மிக்ஸி. தலை வலிக்கிறது.

கார்த்தி: அது சகஜம் பெரியப்பா, பழக சில வாரம் ஆகும். முதல்ல ஒருத்தர் மட்டும் பேசுற ரூம்ல கொஞ்ச நேரம் போடுங்க. மெதுவா நேரத்தைக் கூட்டலாம்.

பெரியப்பா: சரி. பேட்டரி யார் வாங்கி வருவது? ஆரஞ்சு.

முருகன் சித்தப்பா: கடைவீதியிலதான் நிக்கேன் அண்ணே, வாங்கிட்டு வாரேன்.