முடிப்பா, நிரப்பலா? தேர்சொல் என்று ஒரு பரிந்துரை

வணக்கம்.

கட்டளையைப் பாதி தட்டச்சிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியைக் கணினியே எழுதித் தருவதை ஆங்கிலத்தில் டேப் கம்ப்ளீஷன் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தத்தல் முடிப்பு, தன்னிறைவு, நிரப்பல். தன்னிறைவை முதலிலேயே விலக்கிவிடலாம். பொருளாதாரக் கட்டுரை என்று நினைத்து யாராவது படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

'முடிப்பு' எனக்கு ஒவ்வாததற்குக் காரணம் ஒன்றுதான். 'கட்டளை முடிந்தது' என்று படித்தால், அது ஓடி ஓய்ந்துவிட்டது என்றே எவரும் கொள்வர். இங்கே கட்டளை இன்னும் தொடங்கவேயில்லை. பாதித் தட்டச்சில் நிற்கிறது. டேப்பைக் குறிக்கும் 'தத்தல்' என்ற விசைப்பெயரும் வேண்டாம். டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இந்த வேலையைச் செய்தது எஸ்கேப் விசை. டிசிஎஸ்எச் (tcsh) என்ற ஷெல்லின், அதாவது நாம் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலின், பெயரில் முதலில் நிற்கும் 'டி' கூட அந்த டெனெக்ஸைத்தான் குறிக்கிறது, டேப்பை அன்று.

ஆகவே நிரப்பல். சிக்கல், ஒரு கட்டளைக்குப் பின் எந்தச் சொற்கள் பொருந்தும் என்று ஷெல்லுக்குச் சொல்ல நாமே எழுதும் செயற்கூற்றுக்குப் (function) பெயர் வைக்கும்போது வருகிறது. 'நிரப்பல் செயற்கூறு' என்று எழுதிப் பார்த்தேன், அது பொய். அந்தச் செயற்கூறு எதையும் நிரப்புவதில்லை. பாஷ் (bash) என்ற ஷெல்லில், 2000இல் வந்த 2.04 பதிப்பு முதல் நடைமுறை இதுதான்: டேப்பைத் தட்டியதும் பாஷ் நம் செயற்கூற்றை அழைத்து, கட்டளையின் பெயர், பாதியில் நிற்கும் சொல், அதற்கு முந்தைய சொல் ஆகிய மூன்றையும் கொடுக்கிறது. பொருந்தும் சொற்களைக் காம்ப்ரிப்ளை (COMPREPLY) என்ற அணியில் (array) போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஒன்றே இருந்தால் பாஷ் அதை நிரப்பும். பல இருந்தால் அவற்றின் பொதுத் தொடக்கம் வரை நிரப்பி நிற்கும். மேலும் தட்டினால் பட்டியலிடும்.

அணியில் போடும் அந்தச் சொற்களை, ஆங்கிலத்தின் 'கேண்டிடேட்' என்பதை அப்படியே பெயர்த்து, 'வேட்பாளர்' என்று எழுத மனம் வரவில்லை. 'தேர்சொல்' எப்படி? வினைத்தொகை: தேர்ந்த சொல், தேர்கின்ற சொல், தேரும் சொல். இன்னும் தேர்வாகாத சொல்லையும் அது தாங்குகிறது. அதைத் தருவது 'தேர்சொல் செயற்கூறு'.

கோப்புப் பெயரைச் சொல் எனலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஷெல் இலக்கணத்தில் இடைவெளியால் பிரியும் ஒவ்வொரு துண்டும் சொல்தான். அதனால்தான் 'என் கடிதம்' என்ற கோப்பு, கவனமின்றி எழுதிய செயற்கூற்றில் 'என்', 'கடிதம்' என இரண்டு தேர்சொற்களாக உடைந்து விழுகிறது.

சோதனைக்காக, சேர், சேமி, நீக்கு, நகர்த்து என்ற துணைக்கட்டளைகளுக்கு ஒரு தேர்சொல் செயற்கூறு எழுதினேன். 'ந' என்று மட்டும் இட்டு டேப்பை இருமுறை தட்டினால் நீக்கும் நகர்த்தும் சேர்ந்தே வருகின்றன. நமக்கு 'நீ' ஓர் எழுத்து. யூனிகோடுக்கு அது நகரமும் ஈகாரக் குறியும். 'ச' இட்டுத் தட்டினால் 'சே' வரை நிரம்பி நிற்கிறது. அந்த ஏகாரக் குறியை நிரப்பியது பாஷ். என் செயற்கூறு இரண்டு தேர்சொற்களை நீட்டியதோடு சரி.

மறுப்பு இல்லையென்றால் கையேட்டு மொழிபெயர்ப்பில் இதையே இடுகிறேன். 'தேர்ச்சொல்' என்று மட்டும் யாரும் திருத்திவிட வேண்டாம்; வினைத்தொகையில் வல்லினம் மிகாது.