எஸ்டேட் சோலையில் நாற்று நட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

சோலைமந்தி:
மேகமலையில் ஒரு டீ எஸ்டேட். நடுவில் மிச்சமிருக்கும் சோலைத் துண்டைச் சரிசெய்யும் வேலை. ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான்: நிலம் எஸ்டேட்டுடையது, நாற்று எங்களுடையது, பணம் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி) கணக்கு. இரண்டு வருடம் உண்ணிச்செடிக் களையை வெட்டி வெடிபலா, நாங்கு, குங்கிலியம் என்று சோலை மரங்களை நட்டோம். மூன்றாம் வருடம் பணம் வரவில்லை. களை எடுக்க எஸ்டேட் ஆட்களையே விட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு வரிசை போயிருந்தது. அடையாளத்துக்கு நட்ட மூங்கில் குச்சிகளை யாரோ விறகுக்குப் பிடுங்கிவிட்டார்கள். "குச்சி இல்லையே சார், களைன்னு நெனச்சேன்" என்றார் களை வெட்டிய அம்மா. வெட்டிய வெடிபலாவைத் திருப்பிப் பார்த்தார், இலையின் அடிப்பக்கம் செம்பு மாதிரி மினுங்கியது. ஒன்றும் சொல்லாமல் அதை மண்ணில் செருகி, இரண்டு கையாலும் அழுத்திவிட்டார்.

பழைய ஃபீல்டு ஆபீசர்:
தம்பி, அந்த அம்மாவுக்கு முந்தின நாளே செடியைக் காட்டியிருக்க வேண்டியது யார்? எஸ்டேட் ஆட்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் தோட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களே நேரில் வந்து மூன்று நாற்று நட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்துப் பட்டுப்போனதைப் பிடுங்கினேன். பாலித்தீன் பையோடு வந்தது, வேர் உள்ளேயே சுருண்டு சுருண்டு. கிழிக்காமலே புதைத்திருக்கிறார்கள்!

காப்பித்தோட்டக்காரன்:
எனக்கும் இதே கதைதான். நட்டதற்குப் பணம் வந்தது, பராமரிக்க வரவில்லை. அதனால் சொல்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்குச் செலவழித்தாக வேண்டும். மார்ச் முடிவதற்குள் கணக்கை முடிக்கத்தான் பார்ப்பார்கள். ஆரம்பத்திலேயே 'தொடர் திட்டம்' என்று எழுதச் சொல்லுங்கள், தொடங்கும் வருடம் போக இன்னும் மூன்று வருடம் அந்தப் பணத்தை வைத்துச் செலவழிக்கலாம். நாற்றுக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள், களையெடுப்புக் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள். எத்தனை பிழைத்தது என்று வருடா வருடம் எண்ணுவதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நில உரிமையாளரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். காடு வளர்ந்தால் 1949 தனியார் காடுகள் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பல தோட்டக்காரர்கள் பயப்படுகிறார்கள், முதலிலேயே வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வால்பாறையில் என்.சி.எஃப். (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்) என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட்டுகளோடு சேர்ந்து இதைச் செய்துவருகிறது, ஒரு நடை போய்ப் பாருங்கள். அப்புறம், ஜூன் மழை பிடித்தபிறகு நடுங்கள்.

சோலைமந்தி:
அண்ணே, நான் கேட்டது அனுபவம். சரி, தொடர் திட்டம் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஃபீல்டு ஆபீசர் சார் சொன்னது நியாயம்தான். நாங்கள் ஒருத்தர்கூடப் போய்க் காட்டவில்லை.

மழைநாள்:
இப்போது குச்சிக்குப் பதில் என்ன வைக்கிறீர்கள்?

சோலைமந்தி:
வெள்ளை பெயின்ட் அடித்த கல். அதைக் காட்டுப்பன்றி உருட்டிக்கொண்டு போகிறது.