பாண்டி பார்ட்டிகளில் சிலருக்கு மட்டும் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஜிஎஸ்டி) வரவில்லை, ஏன்?

புலியூர் பைப் கடை:
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவின் ஹார்டுவேர் கடை. பைப், பெயின்ட் மொத்த வியாபாரம், டர்ன்ஓவர் 5 கோடிக்குக் கீழேதான். கார்பன் வைத்து எழுதிய பில் புக்கை ஓரங்கட்டிவிட்டு ஏப்ரலில் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டேன். நோட்டில் இருந்த 140 பார்ட்டிகளை, அதாவது எங்களிடம் வாங்கும் கடைக்காரர்களை, இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே ஏற்றினேன்.

போன வாரம் பாகூர் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, உங்க ஏப்ரல் பில்லுக்கு கிரெடிட் எடுக்க முடியாதுன்னு எங்க ஆடிட்டர் சொல்றார்." அதாவது, எங்களிடம் கொடுத்த வரியை அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாதாம். எடுத்துப் பார்த்தால் சரக்கு 64,000, சிஜிஎஸ்டி 5,760, எஸ்ஜிஎஸ்டி 5,760, மொத்தம் 75,520. இப்படி மத்திய, மாநில வரியாக இரண்டாகப் பிரிவது தமிழ்நாட்டுக்குள் விற்றால்தான். பாகூர் புதுச்சேரி ஆச்சே, ஐஜிஎஸ்டி 11,520 என்று ஒரே வரியாக அல்லவா வர வேண்டும்? கூட்டுத்தொகை மாறாததால் யார் கண்ணிலும் படவில்லை.

குழப்பம் என்னவென்றால், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை பில்கள் சரியாக வருகின்றன. பாகூரும் கிருமாம்பாக்கமும்தான் தப்பு. சாஃப்ட்வேர்காரர்களைக் கேட்டால் "ரீ-இன்ஸ்டால் பண்ணுங்க" என்கிறார்கள். பண்ணியாச்சு. அப்பா பழைய பில் புக்கைத் தூசி தட்டி மேசையில் எடுத்து வைத்துவிட்டார்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:
ரீ-இன்ஸ்டாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாகூர் பார்ட்டியின் விவரத்தைத் திறங்கள். ஜிஎஸ்டி எண் எதில் ஆரம்பிக்கிறது? மாநிலம் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது? பின்கோடு என்ன?

புலியூர் பைப் கடை:
எண் 34-ல் ஆரம்பிக்கிறது சார். பின்கோடு 607402. மாநிலம்... தமிழ்நாடு! அந்தக் கட்டத்தை நான் தொடவே இல்லை, பின்கோடு அடித்ததும் தானாக நிரம்பியது.

மஞ்சக்குப்பம் கணக்கர்:
அகப்பட்டுவிட்டது. உங்கள் சாஃப்ட்வேர் பின்கோட்டின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தை ஊகிக்கிறது. 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு. அரியாங்குப்பம் 605007, தப்பித்தது. பாகூர்ப் பக்கமோ 607, நம் கடலூர் போலவே. தபால்காரருக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை, வரிக்கு அதுதான் எல்லாம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை வந்தாலே வேறு மாநிலக் கணக்கு.

பின்கோட்டை நம்பாதீர்கள், ஜிஎஸ்டி எண்ணை நம்புங்கள். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. பார்ட்டி பட்டியலை எக்செலில் இறக்கி, லெஃப்ட் ஃபார்முலாவில் அந்த இரண்டு எண்ணையும் தனிப் பத்தியாகப் பிரியுங்கள். பக்கத்தில் மாநிலத்தை வைத்தால் ஒத்துப்போகாதவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணிலேயே சந்தேகம் என்றால் ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே தேடிப் பார்க்கலாம்.

அந்த ஆடிட்டர் சொன்னதும் சரிதான். விற்பவரும் சப்ளை இடமும் (சரக்கு போய்ச் சேரும் மாநிலமாக பில்லில் காட்டியது) தமிழ்நாடு, வாங்குபவர் மட்டும் புதுச்சேரி என்று இருந்தால், அவருடைய ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (அவருக்கு எந்த பில்லுக்கு கிரெடிட் உண்டு என்று காட்டும் பட்டியல்) அந்த பில் 'கிரெடிட் கிடையாது' என்ற பகுதியில்தான் போய் உட்காரும்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள்: அந்த 75,520 ரூபாய் லோடுக்கு இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) போட்டீர்களா?

புலியூர் பைப் கடை:
இல்லை சார். ஒரு லட்சத்துக்குக் கீழே வேண்டாம் என்றுதான் சாஃப்ட்வேர் காட்டியது.

மஞ்சக்குப்பம் கணக்கர்:
ஒரு லட்சம் என்பது தமிழ்நாட்டுக்குள். மாநிலம் தாண்டினால் வரியோடு சேர்த்து 50,000-க்கு மேல் போனாலே வேண்டும். மாநிலத்தைத் திருத்தினால் இதுவும் தானாகச் சரியாகும். வழியில் வண்டியை நிறுத்தாதது உங்கள் அதிர்ஷ்டம்.

கோட்டக்குப்பத்தான்:
எங்களுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது! கடை பாண்டியில், வீடு கோட்டக்குப்பத்தில். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், ஆனால் பின்கோடு 605104. இங்குள்ள பார்ட்டிகளையெல்லாம் பாண்டிக்காரர்களாக்கி வைத்திருந்தது எங்கள் சாஃப்ட்வேர்.

தம்பி, காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இல்லையே நீங்கள்? இருந்தால் வேறு மாநிலத்துக்குச் சரக்கே விற்கக் கூடாது, அது இதைவிடப் பெரிய தலைவலி.

புலியூர் பைப் கடை:
இல்லை அண்ணா, ரெகுலர்தான். ஏப்ரல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்குத் தாக்கல்) போட்டாச்சு. மே இன்னும் போடவில்லை. என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் கணக்கர்:
மே சுலபம். 11-ஆம் தேதிக்குள் பில்களைத் திருத்தி, புதுப் பிரதியைப் பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

ஏப்ரலுக்கு இரண்டு வழி. ஐஜிஎஸ்டியை இப்போது கட்டிவிட்டு, ஏற்கெனவே கட்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியை ரீஃபண்டு கேட்கலாம், அதற்கு இரண்டு வருஷம் அவகாசம். இல்லை, பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் (அந்த பில் தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டு, ஐஜிஎஸ்டியோடு புது பில் தரலாம். கிரெடிட் நோட்டில் கழித்துக்கொண்டால் அதே தொகைக்கு ரீஃபண்டு கேட்க முடியாது. கையில் காசு முடங்காது என்பதால் சின்னக் கடைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உங்கள் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் என்று தவறாக நினைத்துக் கட்டிய வரி இது, எனவே ஐஜிஎஸ்டிக்கு வட்டி கேட்க மாட்டார்கள். ஐஜிஎஸ்டி சட்டம் 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

புலியூர் பைப் கடை:
எக்செலில் பிரித்துப் பார்த்தேன். 9 பேர் மாட்டினார்கள். எட்டு பேர் பாகூர்ப் பக்கம். ஒன்பதாவது காரைக்கால், பின்கோடு 609. மயிலாடுதுறையும் 609 என்பதால் அவரையும் தமிழ்நாட்டில் சேர்த்திருக்கிறது. அவருக்கு இன்னும் பில்லே போடவில்லை, நல்லவேளை.

ஆடிட்டரும் கிரெடிட் நோட்டே போதும் என்றார். புது பில்லோடு நேற்று நானே பாகூர் போனேன். அப்பா பில் புக்கை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஜூன் முடியட்டும் என்கிறார். சரி, அதுவரை இரண்டிலும் எழுதுகிறேன்.