தற்காப்புக் கொலை, பழிக் கொலை, அகிம்சை: கோடு எங்கே விழுகிறது?

தர்க்கன்:
தற்காப்புக் கொலை, பழிக் கொலை ரெண்டையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் இந்தப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. கொன்றது தற்காப்புதான் என்று சொல்ல மூன்று கேள்விக்கு ‘ஆமாம்’ வர வேண்டும். ஆபத்து இந்த நொடியிலேயே இருந்ததா? தப்ப வேறு வழி இல்லாமல் போனதா? வந்த கேடு உயிருக்கு நிகரானதா? கத்தியை ஓங்கி வருகிறவனைச் சுடலாம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைச் சுட்டால் முதல் கேள்வியே அடிபடும். 1999-ல் இங்கிலாந்தில் ஒரு விவசாயி, வீடு புகுந்த 16 வயதுப் பையனை முதுகில் சுட்டார். கொலை என்றே தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் குற்றம் குறைந்ததும் அவருடைய மனநிலையைக் காட்டித்தான், தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டு அல்ல.

வெண்புறா:
ஓங்கிய கை தாழ்வதற்கும் விசையை அழுத்துவதற்கும் இடையே ஒரு விநாடிகூட இருக்காது. பயத்தில் பார்வை குறுகிவிடும், சத்தம் சரியாகக் காதில் விழாது. உங்கள் மூன்று கேள்வியும் நீதிமன்றத்தில் ஆற அமரக் கேட்பதற்குத்தான் லாயக்கு. கொல்வது நோக்கமாக இருக்கக் கூடாது, தன்னைக் காப்பதே நோக்கமாக இருக்கலாம் என்றார் 13-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். அந்த நோக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

ரௌத்திரம்:
நீதிமன்றமே கை வைக்காதவனை என்ன செய்வதாம்? ஆர்மீனிய இன அழிப்பை நடத்திய ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் அமைச்சர் தலாத் பாஷாவுக்கு 1919-லேயே அந்நாட்டு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆள் பெர்லினில் நிம்மதியாக உலாவிக்கொண்டிருந்தார். 1921 மார்ச்சில் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் அவரை நடுத்தெருவில் சுட்டார். ஜூரி விடுதலை செய்துவிட்டது!

தர்க்கன்:
விடுதலை, சரி. ஆனால் பழிவாங்கியது நியாயம் என்றா ஜூரி சொன்னது? வாதம் அவருடைய மனநிலையைச் சுற்றித்தான் ஓடியது. அவர் ஒரு ரகசியத் திட்டத்தின் ஆள் என்பது விசாரணையில் வெளியே வரவே இல்லை.
அடுத்து 1973, நார்வேயின் லில்லஹாமர். 1972 மூனிச் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்கப் போன இஸ்ரேலிய உளவாளிகள் ஆளை மாற்றி, மொராக்கோவைச் சேர்ந்த ஒரு ஓட்டல் ஊழியரைக் கொன்றார்கள். கூட இருந்த கர்ப்பிணி மனைவியின் கண்ணெதிரிலேயே. பழிவாங்குவதில் குறுக்கு விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. தப்பு தெரியவரும்போது திருத்த ஆள் உயிரோடு இருக்க மாட்டார்.

ரௌத்திரம்:
ஒரு தப்பைக் காட்டி எல்லாவற்றையும் மூடாதீர்கள். வெண்புறாவுக்கு ஒன்று: 1956-ல் வீட்டில் குண்டு விழுந்ததும் மார்ட்டின் லூதர் கிங்கே துப்பாக்கி உரிமம் கேட்டார்.

வெண்புறா:
கேட்டார், மறுத்துவிட்டார்கள். அகிம்சை இயக்கத்தை நடத்திக்கொண்டே தன் காவலுக்கு ஆயுதம் வைப்பது பொருந்தாது என்று பிறகு வீட்டில் இருந்த துப்பாக்கியையும் விலக்கினார். மிரட்டல் நின்றுவிட்டதால் அல்ல.

தர்க்கன்:
அவர் விட்டுக்கொடுத்தது தன் உயிரை. பக்கத்தில் நிற்கும் குழந்தையின் உயிரை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வெண்புறா:
யாரும் இல்லை. நடுவில் பாய்வேன், கட்டிப்பிடிப்பேன், கையை உடைத்தாவது கத்தியைப் பிடுங்குவேன். கொல்ல மாட்டேன். அதனால் குழந்தை செத்தால் அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

தர்க்கன்:
கையை உடைப்பதுவரை வந்துவிட்டீர்கள். அந்த அடி கழுத்தில் விழுந்து ஆள் செத்தால், அக்வினாஸின் தராசு உங்களுக்கும் தேவைப்படும்.